ஜாக்: தட்டும் ஓட்டமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தக்கலைக்காரன். ஐடிஐ ஒன்றில் சிஎன்சி (கணினி புரோகிராமில் ஓடும்) இயந்திரங்கள் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வருகிறவர்கள். அவர்களுக்காகத் தமிழில் குறிப்புகள் எழுதி வருகிறேன். இயந்திரத்தின் பேனலில் 'ஜாக்' (jog) என்று ஒரு மோடு உண்டு. யாரோ தமிழாக்கிய பழைய குறிப்பொன்றில் அதை 'மெல்லோட்ட முறை' என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பையன் ஒருவன், மெதுவாகத்தானே போகும் என்று பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டான். டூல், வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் போய் இடித்து உடைந்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை. அதே வாரம் என் மகளின் ஆங்கிலப் பாடத்தில் நினைவோடு சேர்த்து, 'ஜாக் த மெமரி' என்று இந்தச் சொல் வந்தது. கைடில் 'நினைவு மெதுவாக ஓடியது' என்று பொருள் போட்டிருக்கிறார்கள். காலையில் ஜாகிங் போவதற்கும் இதற்கெல்லாம் என்ன சம்பந்தம்? எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு தமிழ்ச்சொல் உண்டா?

எஸ்.ஆர்., தக்கலை

அன்புள்ள எஸ்.ஆர்.,

எல்லா இடத்துக்குமான ஒரே சொல்லைத் தேடவே வேண்டாம் என்பேன். அந்த டூல் உடைந்ததே அப்படி ஒரு சொல்லை எங்கும் ஒட்டவைத்ததால்தான். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறிப்பில் எழுதியிருந்ததை நம்பி அவன் சரியாகத்தான் நடந்துகொண்டான். மொழிபெயர்ப்பு கதைப்புத்தகத்தில் தவறினால் வாசகன் முகம் சுளிப்பான். பட்டறையில் தவறினால் விரல் போகும். தமிழில் தொழில் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அரைகுறைக் குறிப்பு போதும் என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே மனம் கொதிக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மனிதர் ஓடும் ஓட்டம் பிந்தி வந்த பொருள். முதலில் அது குலுக்கல், தட்டல், லேசான இடி. திருமண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடித்து 'அங்க பாரும்' என்று காட்டுகிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் இன்றும் இந்தச் சொல்தான். குலுங்கிக் குலுங்கிப் போகிற பயணத்துக்கும் அது பெயரானது. ஷேக்ஸ்பியரின் 'விண்டர்ஸ் டேல்' நாடகத்தில் ஆட்டோலிகஸ் என்ற திருடன் ஒரு பாட்டுப் பாடுவான். இந்தச் சொல்லில்தான் அது தொடங்கும். அவன் அங்கே ஓடவில்லை, ஒற்றையடிப்பாதையில் உல்லாசமாக நடையைக் கட்டுகிறான். அப்புறம் குதிரை. மூலைக்கு மூலை இரண்டு கால்கள் சேர்ந்து விழ, இரண்டு தாளமாகக் குதிரை மெல்லப் போகிற ஓட்டத்தை அமெரிக்கச் சவாரிக்காரர்கள் இன்றும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

இனி உங்கள் இயந்திரம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லின் பொருள் இங்கேதான் துலக்கமாகத் தெரிகிறது என்பதால் எழுதுகிறேன். ஜாக் மோடில் புரோகிராம் ஓடுவதில்லை, ஆள்தான் அச்சை, அதாவது டூலையோ மேசையையோ அது போகும் திசையில், நகர்த்துகிறார். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அச்சு நகரும், விரலை எடுத்தால் நிற்கும். வேகத்தைத் தீர்மானிப்பது ஃபீட் ஓவர்ரைடு குமிழ். கூடவே ரேப்பிட் பட்டனையும் அழுத்தினால் அச்சு பாய்ந்துவிடும். இன்கிரிமென்ட் முறைக்கு மாற்றினால் ஓர் அழுத்தலுக்கு ஒரே ஒரு நகர்வு: 0.1 மில்லிமீட்டர், 0.01 மில்லிமீட்டர் என்று நாம் வைத்தபடி. ஆக, 'மெல்ல' என்ற பொருளே இங்கே இல்லை. முழங்கை இடிதான் இருக்கிறது. தட்டினால் அசையும், தட்டாவிட்டால் அசையாது.

ஆகவே குறிப்பில் ஜாக் என்றே எழுதுங்கள். பேனலில் இருக்கும் பெயரும் அதுதான், பையன் கண்ணால் தேடப்போவதும் அதைத்தான். பக்கத்திலேயே 'விரலால் நகர்த்தும் முறை. அழுத்தும்வரை நகரும், விட்டால் நிற்கும். வேகம் குமிழைப் பொறுத்தது. வைஸை நெருங்கும்போது இன்கிரிமென்டுக்கு மாற்று' என்று போடுங்கள். நான்கு வாக்கியம் ஆகிறதே என்று தயங்க வேண்டாம். 

அச்சகத்திலும் இந்தச் சொல் உண்டு. நாகர்கோவிலில் ஆஃப்செட் அச்சகம் எதிலாவது கட்டிங் மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஊழியர் ஒரு கட்டுத் தாளை எடுத்து இரு கையாலும் வளைத்து விரிப்பார், இடையில் காற்று புகும். பிறகு ஓர் ஓரத்தை மேசையில் தட்டுவார், திருப்பி அடுத்த ஓரத்தைத் தட்டுவார். துருத்திக்கொண்டிருந்த தாள்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய், கடைசியில் ஓரம் முழுக்க ஒரே சுவராகிவிடும். அந்தத் தட்டலுக்கு ஆங்கிலத்தில் ஜாகிங் என்று பெயர். அதையே அதிர்ந்து அதிர்ந்து செய்கிற மேசைக்கு ஜாகர். ஓடுகிற மனிதருக்கும் ஜாகர். 'தாளைத் தட்டி அடுக்கு' என்பதற்கு மேல் இங்கே தமிழுக்கு என்ன வேண்டும்?

உங்கள் மகளின் பாடத்துக்கு வருகிறேன். மறந்து கிடந்ததை ஒரு படமோ ஒரு வாசனையோ தட்டி எழுப்புகிறது, அதுதான் பொருள். நினைவு ஓடவில்லை, உசுப்பப்படுகிறது. நம் பக்கத்தில் நினைவை ஓர்மை என்போம். 'நீ சொன்ன பெறவுதான் ஓர்மை வந்துது' என்று ஒரு கிழவி சொன்னால் அந்த ஆங்கில வாக்கியம் முழுக்க அதில் வந்துவிட்டது. பரீட்சைத்தாளில் 'நினைவைத் தூண்டியது' என்று எழுதச் சொல்லுங்கள்.

ஓட்டம் தனிக் கதை. உடல்நலத்துக்காகச் சாதாரண மனிதர்கள் மெல்ல ஓடுவது இயக்கமாக வளர்ந்தது 1960களின் தொடக்கத்தில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில். ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளர் அதற்குக் காரணம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயிற்சி பெற்ற பீட்டர் ஸ்னெல், மர்ரே ஹால்பெர்க் இருவரும் தங்கம் வென்றிருந்தார்கள். அவர் நடுவயதுக்காரர்களையும் இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் கூட்டி மெல்ல ஓடவிட்டார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே போய், தன்னைவிட மூத்தவர்கள் தன்னை முந்தி ஓடுவதைக் கண்டு திகைத்தார். ஊர் திரும்பி அதைப் பரப்பினார். 1967இல் இதய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து ஒரு புத்தகமும் எழுதினார். இந்த ஓட்டத்துக்கு வேகக் கணக்கு கிடையாது. பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்பதுதான் பவர்மேன் சொன்ன அளவு.

இதைப் படித்தபோது எனக்குச் சிவாலய ஓட்டம்தான் கண்ணில் வந்தது. சிவராத்திரிக்கு முந்தைய மாலை முன்சிறை திருமலையில் தொடங்கி, குமரி மாவட்டத்தின் பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் தொட்டுத் திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். உங்கள் ஊரை ஒட்டிய பத்மநாபபுரம் நீலகண்டசாமி கோயிலுக்கு அவர்கள் வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஈர வேட்டி, கையில் பனையோலை விசிறி, விசிறியில் கட்டிய திருநீற்றுப் பை. ஒருவர் 'கோவிந்தா' என்க, மற்றவர்கள் 'கோபாலா' என்பார்கள். குரல் கொடுத்துக்கொண்டே ஓட வேண்டும் என்பதால், கூப்பிட மூச்சு இருக்கிற வேகத்தில்தான் கால் போக முடியும். பவர்மேன் சொன்ன அளவு அப்படியே இருக்கிறது. இன்று பலரும் பைக்கிலும் வேனிலும் சுற்றிவிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. கால் படுகிற பாட்டில்தான் அந்த வழிபாடே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

காலை ஓட்டத்துக்கு மெல்லோட்டம் நல்ல சொல்தான், அந்த இடத்தில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் 'பைய ஓடு' என்றாலே நமக்குப் போதும். வள்ளுவர் 'பைய நகும்' என்று எழுதிய அதே பைய.

மீதி இரண்டு பயன்பாடுகள். நேராகப் போகிற சாலை திடீரென்று ஓரிடத்தில் ஒடித்துத் திரும்பினால், அந்தத் திருப்பத்துக்கும் அமெரிக்கர்கள் ஜாக் என்பார்கள். பிரிட்டனில் யாராவது உங்களிடம் 'ஜாக் ஆன்' என்றால் அது உடற்பயிற்சிக்கான அழைப்பல்ல, 'போய்ச் சேர்' என்று விரட்டுவது. ஷராவதி ஆற்றின் ஜோக் அருவிக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை, அது கன்னடப் பெயர்.

குறிப்புகளை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஸ்பிண்டில், டூல் ஆஃப்செட், ஒர்க் ஜீரோ இவற்றையெல்லாம் பையன்களுக்கு எப்படி விளக்குகிறீர்கள் என்று பார்க்க ஆசை. உங்கள் அனுமதியோடு இந்தத் தளத்திலேயே வெளியிடுகிறேன். மற்ற ஐடிஐ பிள்ளைகளுக்கும் பயன்படட்டும்.