ஜெராக்ஸ் கடையின் பெயரை மாற்றலாமா?

கேள்வி: வேலூரில் பெரிய மருத்துவமனைக்கு அருகே, எங்கள் குலதெய்வத்தின் பெயரோடு 'ஜெராக்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்து என் தந்தை தொடங்கிய கடையை நான் பதினாறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வெளிமாநில நோயாளிகளின் மருத்துவ அறிக்கைகளை ஸ்கேன் செய்து அனுப்புவதிலும், இணைய விண்ணப்பங்களை நிரப்பித் தருவதிலும்தான் இப்போது வருமானம் அதிகம். ரயில் டிக்கெட் முன்பதிவும் தொடங்க எண்ணுகிறேன். கடைக்குப் புதுப் பெயர் வைக்கச் சொல்கிறாள் மகள். அப்பா வைத்த பெயரை எடுக்கவே கூடாது என்கிறார் அம்மா. நான் என்ன செய்யட்டும்?
– வாசகர், வேலூர்

பதில்: உங்கள் தாயார் காக்க நினைப்பது பெயரின் முன்பாதியை, மகளை உறுத்துவது பின்பாதி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், குலதெய்வத்தின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு 'ஜெராக்ஸ்' என்ற சொல்லை மட்டும் மாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அந்தச் சொல் தொடக்கத்திலிருந்தே உங்களுடையதன்று. சாதாரணத் தாளில் நகலெடுக்கும் இயந்திரத்தை 1959-இல் அறிமுகப்படுத்திய அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. நம் ஊர்ப் பேச்சில் நகலெடுப்பதற்கே பெயராகிவிட்டது. நாளை உங்கள் கடைப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விரும்பினால் அச்சொல் இடையூறாகவே நிற்கும். தெய்வப் பெயரைப் பலரும் வைத்திருப்பார்கள் என்பதால், வணிகச் சின்னப் பதிவேட்டில் அதை முதலில் தேடிப் பாருங்கள். அங்கே இணையத்தில் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. தனிநபருக்கும் சிறு தொழில் நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைக்கு (பதிவேடு பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகைகளாகப் பிரிக்கிறது) ரூ.4,500, பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். நகலெடுப்பு 35-ஆம் வகையிலும் பயண ஏற்பாடு 39-ஆம் வகையிலும் வருவதால், இரண்டுக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால் இரண்டு கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும்.

பின்பாதிக்கு எந்தச் சொல்லைத் தேர்வது என்பதில்தான் நீங்கள் மிகவும் நிதானிக்க வேண்டும். உங்கள் ஊர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் மருத்துவப் பள்ளி 1918-இல் பெண்களுக்கு மட்டுமான பள்ளியாகத் தொடங்கியது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். 'பெண்களுக்கான' என்று பெயரிலேயே இருந்ததால், ஆண்கள் சேர்ந்தபின் அப்பெயர் பொருந்தாமல் போயிற்று. 'ஜெராக்ஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'டிராவல்ஸ்' என்று சேர்த்தால் நீங்களும் ஒரு சிறு வட்டத்திலிருந்து இன்னொரு சிறு வட்டத்துக்குத்தான் போகிறீர்கள். மேலும், அங்கீகாரம் பெற்ற முகவராகாமல், சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்து அதைத் தொழிலாக நடத்துவது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முகவர் அங்கீகாரம் கைக்கு வரும்வரை பயணம் தொடர்பான ஒரு சொல்லும் பலகையில் ஏற வேண்டாம். 'இ-சேவை' என்பதும் அரசு மையங்களைக் குறிப்பதாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டதால், உரிய அனுமதியின்றி அதைப் பயன்படுத்தாதீர்கள். நீங்கள் செய்யும் வேலைகள் அனைத்தும் ஏதோ ஓர் ஆவணத்தைச் சுற்றியே நடப்பதால், தெய்வப் பெயரை அடுத்து 'ஆவணச் சேவை' என்று வைத்துப் பாருங்கள். டிக்கெட் தொழில் நிலைபெறாமல் போனாலும் அப்பெயர் பொய்யாகாது.

எழுத்து வேலைகள் அதிகமில்லை. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் மாற்றத்தை 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைத் திருத்தக் கட்டணம் கிடையாது. மாநகராட்சித் தொழில் உரிமத்தையும் வங்கி நடப்புக் கணக்கையும் உடன் மாற்றுங்கள். பலர் மறந்துவிடுவது கியூ.ஆர். அட்டையைத்தான்: பலகையில் ஒரு பெயரும், பணம் செலுத்தும்போது கைப்பேசியில் வேறொரு பெயரும் தெரிந்தால், மொழி தெரியாத ஊரில் ஏமாந்துவிடுவோமோ என்று ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருக்கும் நோயாளியின் உறவினர் தயங்கி நிற்பார். கூகுள் வரைபடத்தில் புதிய பக்கம் தொடங்காமல், இருக்கும் பக்கத்திலேயே பெயரைத் திருத்துங்கள். பழைய வாடிக்கையாளர்கள் எழுதிய பாராட்டுகள் அங்கேதான் இருக்கின்றன.

புதிய பலகையில் தமிழ், ஆங்கிலம், வங்காளம் பேசும் நோயாளிகளுக்காக வங்காளம் ஆகிய மூன்றும் வரட்டும். தமிழ் முதலிலும் பெரிதாகவும், 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். தெய்வப் பெயரின் எழுத்து வடிவத்தையும் நிறத்தையும் உங்கள் தந்தை வைத்தபடியே விட்டுவிடுங்கள். மறுபரிசோதனைக்காக ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத் திரும்பி வருகிறவர்கள் பழைய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டே தெருவில் கடையைத் தேடுவார்கள். ஆகவே 'முன்பு' என்ற சொல்லோடு பழைய பெயரைச் சிறிய எழுத்தில் பலகையின் அடியில் எழுதி, இரண்டு ஆண்டுகளாவது அழிக்காமல் வைத்திருங்கள்.