ஒரே தொட்டி, இரண்டு காலன் கணக்கு

கேள்வி: 20 லிட்டர் தொட்டியில் எத்தனை காலன் பிடிக்கும்? ஓர் அட்டவணை 5.28 என்கிறது, மற்றொன்று 4.4 என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரிதான், காலன்தான் வேறு வேறு. அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். 1707-ல் ராணி ஆன் காலத்தில் சட்டமான 231 கன அங்குல ஒயின் காலனையே அமெரிக்கா வைத்துக்கொண்டது. பிரிட்டன் 1824-ல் அதைக் கைவிட்டு, 10 பவுண்டு தண்ணீர் கொள்ளும் அளவைக் காலன் ஆக்கியது. எனவே குறிப்பு எந்த நாட்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். மருந்துக் கலவையில் ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் வீரியம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடும்.

பைன்ட்டிலும் இதே வேறுபாடு உண்டு. அமெரிக்க பைன்ட் 16 அவுன்ஸ், 473 மி.லி.; பிரிட்டிஷ் பைன்ட் 20 அவுன்ஸ், 568 மி.லி. அவுன்ஸில் மட்டும் தலைகீழ்: அமெரிக்க அவுன்ஸ் 29.57 மி.லி., பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.41 மி.லி. பலர் தடுக்கி விழும் இடம் இது.

கேள்வி: 2.5 லிட்டரை அமெரிக்க குவார்ட், பைன்ட், அவுன்ஸாகப் பிரித்தால் கணக்கு உதைக்கிறதே?

பதில்: நடுவிலேயே தசமங்களை வெட்டியிருப்பீர்கள். முதலில் எல்லாவற்றையும் அவுன்ஸாக்குங்கள்: 2500 ÷ 29.5735 = 84.535. குவார்ட்டுக்கு 32 அவுன்ஸ். 2 குவார்ட் போக மீதி 20.535. அதில் ஒரு பைன்ட்டுக்கு 16 போனால் 4.535. ஆக 2 குவார்ட், 1 பைன்ட், நாலரை அவுன்ஸ். கடைசி எண்ணை மட்டும் முழுமையாக்குங்கள். அவுன்ஸுக்கு 30 மி.லி. என்று வகுத்தால் 83.3 வரும், ஒரு அவுன்ஸுக்கு மேல் குறைகிறது. சின்ன அளவுக்குப் பரவாயில்லை, லிட்டர் கணக்குக்கு ஆகாது.

கேள்வி: சமையல் குறிப்பில் 8 அவுன்ஸ் தேன் என்றிருந்தால் ஒரு கப் ஊற்றலாமா?

பதில்: 'ஃப்ளூயிட் அவுன்ஸ்' என்றிருந்தால் ஊற்றலாம், அது கொள்ளளவு. வெறும் அவுன்ஸ் என்றிருந்தால் பெரும்பாலும் எடை, 28.35 கிராம், தராசை எடுங்கள். தண்ணீருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால்தான் இந்தக் குழப்பம் நிலைத்துவிட்டது. தேன் தண்ணீரைவிட 1.4 மடங்கு கனமானது. 236.6 மி.லி. கொள்ளும் அமெரிக்க கப்பில் சுமார் 340 கிராம், அதாவது 12 அவுன்ஸ் தேன் இருக்கும்.

கேள்வி: மேசைக்கரண்டி என்றால் எப்போதும் 15 மி.லி. தானா?

பதில்: ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 20 மி.லி.! மற்றவற்றில் பெரும்பாலும் 15. குடிக்கும் மருந்துக்கு மட்டும் கரண்டியே வேண்டாம், மி.லி. கோடுள்ள சிரிஞ்சு அல்லது மூடியால் அளங்கள்.