ஹார்மோனை விழுங்கும் ஏற்பி – கடிதமும் பதிலும்

வணக்கம்,

இதயம் சுரக்கும் ஏ.என்.பி. ஹார்மோனை ஓர் ஏற்பியே ரத்தத்திலிருந்து அகற்றுவதாக எழுதியிருந்தீர்கள். ஏற்பி என்பது ஹார்மோன் வேலை செய்யும் இடமல்லவா? இன்னொன்று: அப்பாவுக்கு இதயச் செயலிழப்புக்கான சாகுபிட்ரில்-வால்சார்டன் மருந்து தொடங்கியபின் பி.என்.பி. (ஏ.என்.பி. போன்ற இன்னொரு இதய ஹார்மோன்) அளவு கூடியிருக்கிறது. மருந்து பலிக்கவில்லையா?

கே.

அன்புள்ள கே.,

ஹார்மோன் போய் ஒட்டும் இடமெல்லாம் அது வேலை செய்யும் இடமல்ல. இதயத்தின் மேலறைச் சுவர் விரியும்போது சுரக்கும் ஏ.என்.பி., உப்பைச் சிறுநீரில் தள்ளி, ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. இவையெல்லாம் 'ஏ' வகை ஏற்பி வழியாக நடப்பவை. அதன் உட்புறத்தில், செல்லுக்குள் செய்தி கடத்தும் சி.ஜி.எம்.பி. என்ற மூலக்கூறைத் தயாரிக்கும் நொதிப்பகுதி இருக்கிறது. ஹார்மோனை அகற்றும் 'சி' வகையில் அது கிடையாது. செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருப்பது 37 அமினோ அமில வால் மட்டுமே. ஹார்மோனைப் பிடித்தபடி செல்லுக்குள் இறங்கும், அதை லைசோசோம் என்ற செரிமானப் பையில் சிதையவிட்டு, தான் மட்டும் மேற்பரப்புக்குத் திரும்பும். (இதற்குச் சிறிய சமிக்ஞை வேலையும் உண்டு, அது வேறு கதை.)

இதற்கு 1987-இல் எலிகளில் அழகான சான்று கிடைத்தது. 'சி' வகையில் மட்டும் ஒட்டும் ஒரு போலி மூலக்கூறைச் செலுத்தினார்கள். இடம் அடைபட்டதால் எலியின் சொந்த ஏ.என்.பி. ரத்தத்தில் ஏறியது, உப்பும் கூடுதலாக வெளியேறியது. 1999-இல் அந்த ஏற்பியே இல்லாத எலிகளில் ஏ.என்.பி.யின் அரை ஆயுள் (ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) மூன்றில் இரண்டு பங்கு நீண்டது, ரத்த அழுத்தம் இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய மாறவே இல்லை. நீக்கம் மெதுவானால் சுரப்பும் குறைந்துவிடுகிறது. ஆகவே அளவை மட்டும் பார்த்து நீக்கத்தைக் கணிக்க முடியாது.

அப்பாவின் கணக்கு இன்னொரு வழியைச் சேர்ந்தது. நெப்ரிலைசின் என்ற நொதியும் இந்த ஹார்மோன்களை வெட்டுகிறது. சாகுபிட்ரில் அதைத் தடுக்கிறது. பி.என்.பி. ஏறுவது அதனாலும் இருக்கலாம், எனவே அதை வைத்து மருந்தை எடைபோடக் கூடாது. பி.என்.பி. உருவாகும்போது கூடவே பிரியும் துண்டான என்.டி.-ப்ரோபி.என்.பி. பரிசோதனையைக் கேளுங்கள்: நெப்ரிலைசின் அதை வெட்டுவதில்லை, 'சி' ஏற்பியும் பிடிப்பதில்லை. அதே ஆய்வகத்தில், மருந்துக்கு முந்தைய என்.டி.-ப்ரோபி.என்.பி. முடிவு இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள், பி.என்.பி. எண்ணோடு வேண்டாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் அன்றே பார்க்கவேண்டும், சிறுநீரகம் தளர்ந்தால் இந்த எண்ணும் ஏறும்.

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். எனலாப்ரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பான் வகை ரத்த அழுத்த மருந்துகளுக்கு மாற்றுவதானால் நடுவே 36 மணி நேர இடைவெளி கட்டாயம்; இல்லையேல் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும் அபாயம் உண்டு.