இரட்சிப்பும் செக்ரோலும்

அன்புள்ள அண்ணா,

எங்களுடையது இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அப்பா போன மாதம் இறந்துவிட்டார். ஞானஸ்நானம் பெற்றவர்தான், ஆனால் கோயில் பக்கம் அதிகம் போகமாட்டார். தோட்டத்தில் யார் செத்தாலும் குழி வெட்ட முதல் ஆளாக நிற்பார். ராத்திரியில் வருத்தக்காரர்களைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்குவார். மச்சான் இப்போது ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். "விசுவாசம் இல்லாமல் செய்ததெல்லாம் வீண், மாமா இரட்சிக்கப்படவில்லை" என்று செத்த வீட்டிலேயே சொல்லிவிட்டார். விசுவாசத்தினால் மட்டுமல்ல, கிரியைகளினாலேயும் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிற யாக்கோபு 2:24-ஐ நான் காட்டினேன். கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே என்று பவுல் எழுதிய ரோமர் 3:28-ஐ அவர் காட்டினார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். யார் சொல்வது சரி? நான் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கவேண்டுமா? அப்பாவின் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு வேறு இன்னும் வரவில்லை. எதிலும் மனம் ஓடவில்லை.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மறு ஞானஸ்நானமெல்லாம் வேண்டாம். ஒருமுறை வாங்கியது போதும்.

பவுலும் யாக்கோபும் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்கவில்லை. இருவருமே சாட்சிக்கு ஆபிரகாமைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் செய்தேன் என்று மார்தட்டுகிறவனைப் பவுல் பிடிக்கிறார். பசித்தவனைப் பார்த்து "சமாதானமாய்ப் போ" என்று வெறுங்கையோடு அனுப்புகிறவனை யாக்கோபு பிடிக்கிறார். இதற்காக 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், விசுவாசம் மட்டும் போதும் என்றவர்கள் மேல் சாபமெல்லாம் போட்டது உண்மை. ஆனால் 1999 அக்டோபர் 31-இல் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். நம்முடைய தகுதியைப் பார்த்து அல்ல, கிருபையால் விசுவாசத்தின் வழியாகவே கடவுள் நம்மை ஏற்கிறார்; அந்தக் கிருபைதான் நம்மை நற்செயலுக்குத் தள்ளுகிறது என்பது அதன் சாரம். உங்கள் வீட்டில் மட்டும் 1547 இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

மச்சான் மேல் உங்களுக்குக் கோபம். எனக்கு உங்கள் மேலும்தான். அவர் அப்பாவின் பேரை வெட்டினார். நீங்கள் குழி, கம்பளி என்று பட்டியல் போட்டு அந்தப் பேரைத் திரும்ப எழுதப் பார்க்கிறீர்கள். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே செக்ரோல், தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களின் பேர் பதிகிற புத்தகம். கடவுளைக் கணக்கப்பிள்ளையாக்கிவிட்டீர்கள்.

என் அம்மா கொழுந்தெடுத்த காலத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசுக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன். ஈரம் என்று கழிப்பார்கள், கூடை என்று கழிப்பார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ஞாயிறு மத்தேயு 20 வாசிக்கப்பட்டது. திராட்சைத் தோட்டக்காரர் விடியலில் வந்தவனுக்கும் ஒரு பணம் கொடுக்கிறார், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே ஒரு பணம். உபதேசியார் உருகி உருகிப் பிரசங்கம் செய்தார். கோயிலை விட்டு இறங்கியதும் அம்மா வெடித்தார்: "காலையிலேயிருந்து மழையில நின்னவளுக்கும் அதே பேரு, கடைசியில வந்தவளுக்கும் அதே பேரா? இதென்ன நியாயம்?" நாலைந்து பெண்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருத்தி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே கேட்டார்: "அவன் சும்மாவா நின்னான்? யாரும் கூப்பிடலன்னுதானே சொல்றான். அவன் வீட்டுலயும் உலை வைக்கணும்ல?"

அதற்குமேல் ஒரு விளக்கவுரையை நான் படித்ததில்லை. அந்தப் பணம் செய்த வேலைக்கு அளந்து கொடுத்த கூலி இல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும் என்று கொடுத்தது. இரட்சிப்பும் அப்படித்தான். அப்பா வெட்டிய குழிகளைத் தராசில் வைக்காதீர்கள். அவர் கூலி கேட்டா வெட்டினார்? கோயிலில் யாருமே அவரைக் கூப்பிடாமல் விட்டிருக்கவும் கூடும். அந்த மனிதருக்கு என்ன கொடுப்பது என்பது தோட்டக்காரரின் விருப்பம். "என்னுடையதை என் இஷ்டப்படி கொடுக்க எனக்கு அதிகாரமில்லையா" என்று அவரே கேட்கிறார். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விடுங்கள், அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

யாக்கோபை எடுத்தீர்களே, இரண்டாம் அதிகாரத்தோடு ஏன் மூடிவைத்தீர்கள்? ஐந்தாம் அதிகாரத்தில் வயலறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதில் விழுகிறது என்று எழுதியிருக்கிறார். நீங்களோ அப்பாவின் ஈபிஎப்பைக் கடைசியில் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். மரணச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மறக்க வேண்டாம். அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் இன்னொரு பெயர் என்று நம் ஆட்களுக்கு அடிக்கடி வரும். அதை முதலில் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.