கதவைத் திறந்துவிட்டால் அது ஒத்துழைப்பா?

கேள்வி: ஆசியான் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் எங்கள் ரப்பர் விலை விழுந்தது. உலகமயமாக்கலைத் தாங்க அண்டை நாடுகளின் ஒத்துழைப்புதான் வழி என்று நீங்கள் எப்படி எழுதலாம்?
- வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் கோபம் நியாயம். ஆனால் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு இந்தியா போட்டு, 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த வர்த்தக ஒப்பந்தத்தில், இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது, அதாவது அதற்கு இறக்குமதி வரிச் சலுகை இல்லை. அடுத்த வருடமே ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாய் வரை போனதே, நினைவிருக்கிறதா? 2016 தொடக்கத்தில்தான் அது நூறுக்குக் கீழே இறங்கியது. விலை ஏறிய வருடங்களில் தாய்லாந்தும் வியட்நாமும் மரமாக நட்டுத் தள்ளின. ரப்பர் பாலுக்கு வர ஏழு வருடம் ஆகும். அத்தனை மரமும் பால் தரத் தொடங்கியபோது சீனாவின் தேவை தளர்ந்திருந்தது, கச்சா எண்ணெய் சரிந்து செயற்கை ரப்பரும் மலிந்திருந்தது. ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமல் நட்டதால் வந்த வினை இது. ஒத்துழைப்பு இல்லாததுதான் நம்மைக் கெடுத்தது.

தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் 2001இல் பாலித் தீவில் கூடி, விலை விழுந்தால் ஏற்றுமதியைச் சேர்ந்தே குறைப்பது என்று பேசி வைத்தன. 2016இல் ஆறு மாதத்துக்கு 6,15,000 டன் குறைக்க முடிவு செய்தன. வெளியே நிற்கும் நாடுகளைக் கட்டுப்படுத்த அவர்களிடம் வழியில்லை, அது பெரிய குறைதான். ஆனாலும் விவசாயிக்காக மூன்று அரசுகள் ஒன்றாக உட்கார்ந்தன. நம் நாடோ விளைவிப்பதைவிட அதிக ரப்பரைப் பயன்படுத்துகிறது. டயர் ஆலைக்கு மலிவு வேண்டும், பால் வெட்டுகிறவருக்கு விலை வேண்டும். டெல்லியில் முதல் குரல்தான் பலமாகக் கேட்கிறது.

ஒப்பந்தத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. கொஞ்சம் ரசாயனம் கலந்த காம்பவுண்ட் ரப்பர் ஆசியான் நாடுகளிலிருந்து சலுகை வரியில் வருகிறது. அதை அடைக்கச் சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

சரி, பாங்காக்கும் கோலாலம்பூரும் அப்புறம் இருக்கட்டும். எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் 2015 முதல் கேரள அரசு ஒரு விலையை அறிவித்து, சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைச் சிறு விவசாயிக்குத் தருகிறது. தொடக்கத்தில் அது 150 ரூபாய். அதே மரம், அதே மழை, ஆனால் இந்தப் பக்கம் மரம் வைத்திருப்பவருக்கு அந்தப் பணம் கிடையாது. அதேபோன்ற உதவியை நாம் சென்னையில் கேட்க வேண்டும். காம்பவுண்ட் ரப்பர் விஷயத்தை மலையாள விவசாயிகளோடு சேர்ந்து ஒரே மனுவாக டெல்லிக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் ஊரில் அதற்கு ஒரு கூட்டம் போடுங்கள். தேதி சொன்னால் நான் வருகிறேன், மனுவை முழுதாக இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.