கியர் பொக்ஸை மாத்த முதல் இதைப் பாருங்க

தம்பி, உங்கட பதிவை இரண்டு தரம் வாசிச்சன். கல்முனையில இருந்து மட்டக்களப்புக்கு வரேக்க எஞ்சின் லைட் எரிஞ்சு, உங்கட ஒட்டோ கியர் கொரோலா கார் மூன்றாம் கியரிலேயே நிக்குது, கராஜில பொக்ஸையே மாத்தச் சொல்றாங்க. அவசரப்படாதீங்க.

சென்சரோ சொலினொய்டோ (கியர் மாத்த ஒயிலைத் திறந்து மூடுற மின் வால்வு) தாற சிக்னல் பிழைச்சா, பொக்ஸைக் காப்பாத்த காரிட கம்ப்யூட்டரே கியர் மாத்துறதை நிப்பாட்டும். முதல்ல காரை ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர் காட்டுற பிழைக் கோட் நம்பரை எழுதி எடுங்க. P0750 எண்டா ஷிஃப்ட் சொலினொய்ட், P0715, P0720 எண்டா வேக சென்சர் பக்கம். உடனே சாமான் வாங்கிடாதீங்க, வயர் பழுதானாலும் அதே கோடுதான் வரும்.

வெள்ளத்துக்குள்ளால ஓடினன் எண்டு எழுதியிருக்கிறீங்களே, எனக்கு அதிலதான் சந்தேகம். என்ட காரிலயும் இப்பிடித்தான். பொக்ஸுக்குப் போற சொக்கட்டைக் கழட்டினா, உள்ளுக்க இருக்கிற கம்பிப் பின்னில இரண்டு பச்சை பூத்துப்போய், ஒண்டு விரல் பட்டதும் உடைஞ்சு விழுந்திச்சு. வெள்ளத் தண்ணியோட நம்மட கடற்கரை உப்புக்காத்தும் சேர்ந்தா, பின் அப்பிடி அரிக்கிறதுக்குப் போதும். அந்தச் சொக்கட் வயரை மாத்தினதோட சரியாயிட்டு.

கியர் பொக்ஸ் ஒயிலையும் வெள்ளைத் துணியில துடைச்சுப் பாருங்க. கறுத்து, கருகின மணம் வந்தா பொக்ஸுக்குள்ள இருக்கிற கிளச் தட்டு எரிஞ்சிருக்கு, அப்ப கராஜ்காரர் சொன்னது சரியா இருக்கலாம். பால் தேத்தண்ணி நிறம் எண்டா உள்ளுக்குத் தண்ணி போயிட்டு. ஒரு கிலோமீற்றரும் ஓடாதீங்க, இழுத்துக்கொண்டு போங்க.

பற்றரி வோல்டேஜையும் ஒருக்கா பாருங்க, குறைஞ்சாலும் கம்ப்யூட்டர் குழம்பும்.

கோட் நம்பரையும் ஒயில் படத்தையும் இங்க போடுங்க, பாத்துச் சொல்றன்.