சூடானதும் கரும்புகை விடும் வோக்ஸ்வேகன் 1600

வணக்கம் அண்ணே. பீடோரில் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிற வண்டி, சூடேறி அடுத்த ஊரான தாப்பாவைத் தாண்டுவதற்குள் கரும்புகை விட்டு முக்குகிறது, கம்ப்யூட்டர் பெட்டியின் திருகைத் திருப்பியும் மாற்றமில்லை என்கிறீர்கள். மாறாதுதான். உங்கள் வண்டியில் பெட்ரோலை அளந்து பீச்சும் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு அமைப்பில், அந்தத் திருகு ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்ய மட்டும். பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

முதலில் சிலிண்டர் ஹெட்டில் உள்ள வெப்ப சென்சார். சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம் காட்டும். நம் ஊர்ச் சூட்டில் காலையிலேயே அதைவிடக் குறைவுதான். எஞ்சின் நன்றாகச் சூடானபின் சில நூறு ஓமுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தாலோ, எஞ்சின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று நினைத்துப் பெட்டி பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு வயர் மேல்தான் சந்தேகம். இத்தனை வருடச் சூட்டில் அதன் உறை பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

அது சரியென்றால் அப்புறம் பெட்ரோல் அழுத்தம், 28 பிஎஸ்ஐ. கேஜ் மாட்டும்போதே ரப்பர் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்; அந்த மெக்னீசியம் பிளாக் தீப்பிடித்தால் தண்ணீருக்கு அடங்காது.

கடைசியாக மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார், அதாவது எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயின் அழுத்தத்தை அளப்பது. வேக்குவம் முனையில் கைப்பம்பு வைத்து இழுங்கள், பம்பின் முள் நிற்காமல் இறங்கினால் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய தகடு கிழிந்திருக்கும். அதன் உள்திருகை மட்டும் எந்தப் போமனையும் (மெக்கானிக்கையும்) தொட விடாதீர்கள்.